அண்ணனூர் கேட் மாத்திரை

என் இடதுகைக் கட்டைவிரல் ஒரு கோள்சொல்லி. வலிப்பு வரப்போகிறது என்றால் முதலில் அதுதான் துடிக்கும். அடுத்து, பால் அடிப்பிடிக்கிற வாசனை வரும். வீட்டில் யாரும் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள், எனக்கு மட்டும் பால் தீயும். அதற்கப்புறம் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. எழுந்த பிறகு சுற்றியிருப்பவர்கள் பார்க்கிற பார்வையை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

ஆறாம் வகுப்பில் முதல்முறை வந்தது. அதன்பிறகு என் பெஞ்சில் ஜமீலாவைத் தவிர யாரும் உட்காரவில்லை. நைனா என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தினமும் ஒரு மாத்திரை, ஒருநாளும் தவறக் கூடாது என்றார் டாக்டர். "சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும். விடாம அடுத்தடுத்து வந்தா உயிருக்கே ஆபத்து." நைனா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கு மாத்திரை போதவில்லை. அவளுக்கு நான் முழுசாகச் சரியாக வேண்டும். அவள் நெமிலிச்சேரியில் களை பறித்து வளர்ந்தவள். அம்மன் பெயரைத்தான் வேம்புலியம்மாள் என்று அவளுக்கு வைத்திருந்தார்கள். எனக்காகக் கோயில் கோயிலாக அலைந்தாள், மந்திரித்தாள், தாயத்துக் கட்டினாள், கடைசியில் அண்ணனூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பாஸ்டர் மனோகரனின் சபையில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஞானஸ்நானம் எடுத்து ரூத் ஆனாள். நைனா மட்டும் வேம்பு என்றே கூப்பிட்டார்.

அந்தச் சபையில் ஒரு பழக்கம் இருந்தது. சுகத்துக்காக ஜெபம் பண்ணிக்கொண்டவர்கள், வீட்டில் இருக்கிற மருந்தைக் கொண்டுவந்து காணிக்கைப் பையில் போட்டுவிட வேண்டும். ஜெபம் பண்ணிய பிறகும் மருந்து சாப்பிடுவது ஆண்டவரை முகத்துக்கு நேராகப் பொய்யர் என்று சொல்வதாம். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தபோது, அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மாத்திரை அட்டைகளை அதில் போட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். தலை என்னுடையது, வலிப்பு என்னுடையது, என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ஆமென்கூடச் சொல்லவில்லை.

என் நைனா தேவராஜ், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். எந்தச் சாமியோடும் அவருக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. சபைக்கு அம்மாவைக் கொண்டுவந்து விடுவார், வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டு நிற்பார், முடிந்ததும் கூட்டிப்போவார். மாத்திரை காணிக்கைப் பைக்குப் போன கதையை அம்மா பெருமையாகச் சொன்னபோதும் அவர் சண்டை போடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே "சர்தான்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். அண்ணனூர் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. காலை நேரத்தில் அது எப்போதும் சாத்தித்தான் இருக்கும், எலெக்ட்ரிக் ரயில் போனால் கூட்ஸ் வரும். நைனா ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சட்டைப் பையில் கைவிட்டார். பீடிக்கட்டுக்குப் பின்னாலிருந்து புது மாத்திரை அட்டை வந்தது.

"வாயத் தொற" என்றார். தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"யார் சொல்லப்போறா? நீ சொல்லப்போறியா, கேட்டு சொல்லப்போவுதா?"

அன்றிலிருந்து தினமும் கேட் மூடியிருக்கும் நேரத்தில் எனக்கு மாத்திரை. லீவு நாளில் சைக்கிளுக்குக் காற்றடிக்க என்று என்னையும் அழைத்துக்கொண்டு கேட்வரை வருவார். வலிப்பு வரவே இல்லை. தீபாவளி போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று, எண்பத்தொன்பது பிறந்தது, வரவில்லை. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுந்து நின்று என் சுகத்துக்குச் சாட்சி சொன்னாள். எனக்குப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பும் வரும். சாட்சிக்கு யார் காரணம் என்று தெரிந்த ஒரே ஆள் வெளியே மரத்தடியில் பீடி புகைத்துக்கொண்டிருப்பார்.

பிப்ரவரியில் பாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆவடி மைதானத்தில் பல சபைகள் சேர்ந்து எழுப்புதல் கூட்டம் போடுகிறார்கள், அம்மாவும் நானும் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். அப்புறம் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"நாகவல்லின்னு மைக்குல கூப்பிட முடியாதும்மா. நாகம்னா சர்ப்பம், சாத்தானோட ரூபம். நவோமின்னு சொல்லிடலாம்."

அம்மாவுக்கு உலகமே கைக்குள் வந்ததுபோல இருந்தது. என்னை நிற்கவைத்துப் பழக்கினாள். "இயேசப்பா என்னைச் சொகமாக்கிட்டாரு, நான் மாத்திரையே தொடறது இல்ல. சொல்லு. தலைய நிமித்திச் சொல்லு." நான் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியில் இருமினேன்.

மறுநாள் கேட்டருகே நைனாவைக் கேட்டேன். "அவ்ளோ பேரு முன்னாடி பொய் சொல்லணுமா நைனா?"

"நீ ஒண்ணியும் சொல்லாத. தலைய மட்டும் ஆட்டிட்டு எறங்கி வா." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அந்த வாரம் நைனாவின் கம்பெனியில் அவசர ஆர்டர் என்று விடியற்காலை ஷிப்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சைக்கிள் சவாரி நின்றது. அவர் ஒரு மாத்திரை அட்டையை என் ஜாமெட்ரி பாக்ஸில் கோணமானிக்கு அடியில் வைத்தார். "கேட்டாண்ட நின்னு நீயே போட்டுக்கோ. மறந்துடாத கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் மறக்கவில்லை. அவர் இல்லாத முதல்நாள், இருட்டு பிரியாத நேரத்தில் எழுந்தேன். அம்மா சமையல் மூலையில் முழங்காலிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். என் பெயரைச் சொல்லிச் சொல்லி நன்றி சொன்னாள். யாரும் பார்க்காத இடத்தில் ஒருத்தி அப்படி அழுதால் அது நடிப்பாக இருக்காது. இவள் இவ்வளவு நம்புகிறாளே, நானும் நைனாவும் சேர்ந்து இவளை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது.

கேட்டருகே நின்று யோசித்தேன். மேடையில் பொய் சொல்ல முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. அப்படியானால் சொல்லப்போவதை நிஜமாக்கிவிட்டால் போயிற்று. அம்மா நம்புகிறபடி ஆண்டவர் சுகமாக்கியிருந்தால், மாத்திரையை நிறுத்தினாலும் ஒன்றும் ஆகக் கூடாது. நிறுத்திவிட்டு மேடையேறினால் என் சாட்சி சுத்தமான சாட்சி. பதின்மூன்று வயதில் அந்தக் கணக்கில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. ரயில் போனது, கேட் திறந்தது, நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்காமலே நடந்தேன்.

தினமும் அப்படியே நடந்தேன். தினமும் பயந்தேன். டாக்டர் சொன்னது கணக்கு வகுப்பிலும் தூக்கத்திலும் காதில் விழுந்தது. பயம் வரும்போதெல்லாம், இதுதான் விசுவாசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று சாயங்காலம் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். நைனாவும் வர வேண்டும் என்று அம்மா கெஞ்சியிருந்தாள். வெள்ளைச் சேலை, சபை வழக்கப்படி நகையில்லாத வெறும் கழுத்து, முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிளாட்பாரத்தில் நிற்கும்போது என் கட்டைவிரல் ஒருமுறை துடித்தது. உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நைனா குனிந்து காதருகே கேட்டார். "மாத்திர போட்டியா?"

தலையாட்டினேன். பொய் சொல்லக் கூடாது என்று கிளம்பியவள் சொன்ன பொய் அது.

ஆவடி மைதானத்தில் ஜனம் நெருக்கியடித்தது. டியூப்லைட் வரிசை, கூம்பு ஸ்பீக்கர்கள், பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல். நைனா வழக்கம்போல ஓரமாக ஒரு கம்பத்தருகே நின்றுகொண்டார். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் எங்கள் பெயரைக் கூப்பிட்டார். "சகோதரி ரூத், மகள் நவோமி." யாரோ நவோமி என்பதுபோல நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். மரப்படிகள் ஆடின.

அம்மா மைக் முன்னால் நின்றதும் குரல் தானாக எழுந்தது. நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னாள். கோயில்களைச் சொன்னாள், தாயத்துகளைச் சொன்னாள், காணிக்கைப் பையில் மாத்திரை போட்டதைச் சொன்னாள். "அன்னைலேந்து இன்னிக்கு வரிக்கும் எம்பொண்ணு ஒரு மாத்திர தொட்டதில்ல!" என்றபோது ஜனம் அல்லேலூயா என்று எழுந்தது. அந்தச் சத்தத்தில் என் கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்தது. மடக்கினேன். கைக்குள்ளேயே குதித்தது.

நைனாவைத் தேடினேன். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது, கம்பமே தெரியவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். மைக்கை என் பக்கம் திருப்பினாள். ஆயிரக்கணக்கான முகங்கள் எனக்காகக் காத்திருந்தன.

"சொல்லும்மா" என்றார் பாஸ்டர்.

பால் அடிப்பிடித்தது.

"அம்மா, பாலு..." என்று நான் சொன்னது ஸ்பீக்கரில் மைதானம் முழுக்கக் கேட்டதாம்.

அடுத்து நடந்ததை அம்மாவும் நைனாவும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் விழுந்ததும் ஜனம் அலறியது. "இரும்பு குடு, கையில இரும்பு குடு!" என்று முன்வரிசையிலிருந்து யாரோ சாவிக்கொத்தை மேடைமேல் எறிந்தார்கள். அதெல்லாம் அந்நியப் பழக்கம் என்று பாஸ்டர் அதைக் காலால் தள்ளினார். நாலைந்து சகோதரர்கள் என் கைகால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிசாசை அதட்டினார்கள். கம்பத்தருகே நின்ற நைனா ஜனத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, செருப்புக் காலோடு மேடையில் ஏறினார்.

"கைய எடுங்கடா! அமுக்காதீங்க!" என்று அவர்களைப் பிடித்துத் தள்ளினார். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் துண்டைச் சுருட்டி வைத்தார். குனிந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டு விழுந்தது. கூடவே மாத்திரை அட்டையும் விழுந்தது.

எனக்கு நினைவு வந்தபோது அம்மாவின் மடியில் இருந்தேன். வாயில் ரத்தச் சுவை. அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள் கையில் அந்த அட்டை இருந்தது. பாதி காலியான அட்டை.

"இன்னாய்யா இது?" என்றாள்.

"நான்தான் குடுத்துகினு வந்தேன். டெய்லி. கேட்டாண்ட வெச்சி."

"அப்ப வராம இருந்தது..."

"மாத்திர வேம்பு. மாத்திரதான். இப்ப ஏன் வந்துச்சின்னுதான் எனக்குத் தெரில."

எனக்கு நாக்கு தடித்திருந்தது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். "நைனா குடுத்தாரும்மா. நான்தான் இந்த வாரம் போடல. நீ சொல்ற சாட்சி நெஜமாவணும்னு போடல."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. அதுவரை அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் மொத்தமாக அணைந்து, வெறும் பயம் மட்டும் மிஞ்சியிருந்தது. பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே பறிகொடுக்க இருந்தவளின் பயம்.

பாஸ்டர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். அவர் கெட்டவர் இல்லை. "சகோதரி, சத்துரு போராடுறான். இத்தனை ஜனம் பாக்குது. ஒரு ஆத்துமாகூட இடறிப்போகக் கூடாது. எந்திரிச்சு, இப்பவே விடுதலை ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மாத்திரைய மறைச்சுடுங்க."

அம்மா எழுந்தாள். என்னை நைனாவின் மடிக்கு மாற்றினாள். அட்டையை முந்தானைக்குள் மறைத்தாள். சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் தோற்றுப்போக யாருக்குத்தான் மனசு வரும்? மறுபடியும் என்னிடமிருந்து மாத்திரை போய்விடும், நைனாவின் சட்டைப் பையையும் இனி சோதிப்பார்கள், அடுத்த தடவை விழுந்தால் எழுந்திருப்பேனோ மாட்டேனோ என்று பயந்தேன்.

அம்மா மைக்கை வாங்கினாள்.

"நான் சொன்ன சாட்சி பொய்" என்றாள். "தெரியாம சொன்னேன். ஆனா பொய்தான். எம்பொண்ணுக்குச் சொகமாவல. அவுங்க அப்பா எனக்குத் தெரியாம மாத்திர குடுத்துகினு இருந்தாரு. அதனாலதான் அவ உசுரோட கீறா."

மைதானம் சலசலத்தது. "எறங்கும்மா!" என்று யாரோ கத்தினார்கள். பாஸ்டர் மைக்குக்காகக் கை நீட்டினார். அம்மா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் ஜனத்தோடு பேசவில்லை.

"ஆண்டவரே, எம்பொண்ண ஒன்னாண்ட குடுத்துட்டேன்னு ஊரெல்லாம் சொன்னேன். குடுக்கல. ரூத்து பெரிய விசுவாசக்காரின்னு நாலு பேரு சொன்னாங்களே, அந்தப் பேரத்தான் கெட்டியா புடிச்சிகினு இருந்தேன். அதுக்கு இவ உசுர வெச்சி வெளயாடிட்டேன். எப்டிச் சொகமாக்கணும்னு ஒனக்கே உத்தரவு போட்டேன். மன்னிச்சிடு. இப்பத்தான் குடுக்கிறேன். மாத்திரையால ஆக்கினாலும் சரி, கையால தொட்டு ஆக்கினாலும் சரி. ஆக்காமலே போனாலும்..." மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஆக்காமலே போனாலும் நான் எங்கியும் போவமாட்டேன். ஒன் காலடியிலதான் கெடப்பேன்."

மைக்கை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். முந்தானையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். எனக்கு முழு நினைவு இருக்கிறதா, தண்ணீர் விழுங்க முடியுமா என்று நைனாவைக் கேட்டாள். தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருந்தது, பிரசங்க மேசையில் பாஸ்டருக்காக மூடி வைத்திருந்த கண்ணாடி டம்ளரில். அம்மா பாஸ்டரைப் பார்த்தாள். அவர் ஜனத்தைப் பார்த்தார், அப்புறம் வாயோரம் ரத்தத்தோடு கிடந்த என்னைப் பார்த்தார். டம்ளரை எடுத்து அம்மாவிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன்னால் செய்வதுபோல அம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நன்றி சொன்னாள். பிறகு என் வாயில் போட்டாள். அத்தனை ஜனத்துக்கும் முன்னால் நான் அதை விழுங்கினேன்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நைனா என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்ல" என்றாள் அம்மா.

"சொன்னா வுட்டிருப்பியா?"

"வுட்டிருக்க மாட்டேன்."

"அதான்" என்றார் நைனா. கொஞ்சம் நடந்துவிட்டு நின்றார். "நான் யாரையும் நம்பல வேம்பு. ஒன்னியும் நம்பல, ஒன் சாமியயும் நம்பல. என் கைய மட்டும் நம்பினேன். ஒரு ஷிப்ட் மாறினதும் அது அவ்ளோதான்னு ஆயிடுச்சி. மேடைல இவ கெடந்தப்போ எனக்கு எத்தப் புடிச்சிக்கிறதுன்னே தெரில." சொல்லும்போதே அழுதுவிட்டார். நைனா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சபையில் அம்மாவை அதற்கப்புறம் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. முன்வரிசைப் பாயிலிருந்து கதவோரத்துக்கு நகர்ந்துவிட்டாள். அவள் போவதை நிறுத்தவும் இல்லை, கதவோரத்துக்காக வருத்தப்படவும் இல்லை. ரூத்தம்மா என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் வேம்புலி என்றன, அதற்கும் சிரித்தபடி திரும்பிப் பார்த்தாள். எனக்கு அந்த வருஷம் இன்னும் இரண்டு தடவை வலிப்பு வந்தது. இரண்டு தடவையும் அவள் சாவிக்கொத்தையும் தேடவில்லை, பாஸ்டரையும் தேடவில்லை. என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பாடிக்கொண்டிருந்தாளாம்.

அவசர ஆர்டர் முடியும்வரை அம்மாவே நன்றி சொல்லி மாத்திரை கொடுத்தாள், அது முடிந்ததும் நைனா பழைய ஷிப்டுக்கு வந்தார். மாத்திரையை இனியும் வீட்டிலேயே கொடுத்துவிடலாமே என்று அம்மாவைக் கேட்டார். "வோணாம். நீயே குடு, அங்கியே குடு" என்றாள்.

திங்கட்கிழமை கேட் சாத்தியிருந்தது. நைனா காலை ஊன்றி, சட்டைப் பையில் கைவிட்டு மாத்திரையை எடுத்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கம்மா மொதல்ல இன்னாமோ சொல்லுவாளே" என்றார். "அத்த எப்டிச் சொல்றது?"

"மனசுல பட்டத சொல்லு நைனா."

சுற்றிலும் சைக்கிள்காரர்கள், ஃபேக்டரி பஸ், பால் வண்டி. நைனா தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரயில் தடதடவென்று போனது. கேட் மேலே ஏறியது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்தினான், யாரோ "யோவ், தூங்கிட்டியா?" என்று கத்தினார்கள். சைக்கிள்கள் எங்களை இடித்துக்கொண்டு போயின. மாத்திரை இருந்த கையை நீட்டியபடி நைனா நின்றுகொண்டே இருந்தார். கேட் திறந்ததைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லாமல் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.